கைத்தொலைபேசியின் உலா

தமிழிலே வழங்கும் சிற்றிலக்கிய வகைகளுள் உலாவும் ஒன்று என்பதை எமது கல்லூரியிற் பயின்றோர் மறந்திரார். தலைவன் வீதியிற் பவனி வருதலையும் கண்டோர் அவன்பால் மனம் நெகிழ்தலையும் பாடுவது அது. சேரமான் பெருமாள் நாயனார் இயற்றிய திருக்கைலாய ஞானவுலா அவ்வகையில் முற்பட்ட நூலாகக் கொள்ளப்படும். இக்காலத்திலே நம் கையில் இருக்கும் தொலைபேசியும் ஓர் உலாப் போகின்றது. ஒரு கம்பனிக்குரிய தொலைபேசி, அக்கம்பனியின் கோபுரம் இல்லாத இடத்திலே, பிறிதொரு கம்பனியின் கோபுரத்தைத் துணைக்கொண்டு பேசுகின்றது. இதனை ஆங்கிலத்தில் ரோமிங் என்பர். நம்மவரும் அவ்வாறே சொல்லிப் பழகிவிட்டனர். இக்கட்டுரையில் அதனை உலாத் தொடர்பு என்றும், அதற்கு அடிப்படையான ஒப்பந்தத்தை உலா உடன்படிக்கை என்றும் வழங்குவாம்.

தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன வேலை என்று சிலர் வினாவுதல் கூடும். வெளிநாடுகளிற் பரந்து வாழும் பழைய மாணவர், நல்லூர்த் திருவிழாவுக்கும் கல்லூரி விழாவுக்கும் வந்து திரும்பும்போது, தொலைபேசிக் கட்டணத்தைக் கண்டு திகைத்தலை யாம் அறிவோம். குருநகரிலிருந்து கடலுக்குச் செல்லும் தொழிலாளர், கரையிலிருக்கும் குடும்பத்தோடு பேச இயலாது இடர்ப்படுதலையும் அறிவோம். இவ்விரு திறத்தார்க்கும் பொதுவான ஒரு பொருளை விளங்கும் தமிழிலே எடுத்துரைத்தல் ஆசிரியர் கடமையுள் அடங்கும் என்பது எம் துணிபு.

அலைக்கும் எல்லை உண்டு

கரையூர் என்னும் பழம்பெயர் கொண்ட குருநகர், யாழ்ப்பாண நகரின் தென்புறத்தே கடனீரேரியை அணைந்து கிடப்பது. அங்கிருந்து புறப்படும் படகு கடனீரேரியைக் கடந்து, மண்டைதீவு முதலான தீவுகளைத் தாண்டி, பாக்கு நீரிணைக்குட் புகும். கரையை விட்டு அகலுந்தோறும் தொலைபேசியிலே தோன்றும் சிறு கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். ஈற்றில் அவை முற்றாக மறைந்துவிடும்.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது பூமியின் வளைவு. 50 மீற்றர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சியிலிருந்து செல்லும் வானொலி அலை, ஏறத்தாழ 29 கிலோமீற்றர் தூரத்திலே கடல்மட்டத்தைத் தொட்டு அப்பாற் போய்விடும். படகிலிருப்பவர் தொலைபேசியைச் சற்று உயர்த்திப் பிடித்தால் இன்னும் சில கிலோமீற்றர் கிடைக்கலாம். இரண்டாவது காரணம் கால அளவு பற்றியது. ஜி.எஸ்.எம். எனப்படும் இரண்டாம் தலைமுறை முறையிலே, ஒவ்வொரு தொலைபேசிக்கும் பேசுதற்கெனக் கணநேரத் துணுக்கு ஒன்று ஒதுக்கப்படுகின்றது. தூரத்திலிருந்து வரும் அலை பிந்தி வருமாதலால், அத்தொலைபேசி சற்று முந்தியே பேசத் தொடங்க வேண்டும் எனக் கோபுரம் கட்டளையிடும். இம்முந்துதல் 64 படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு படி ஏறத்தாழ 550 மீற்றர் தூரத்துக்கு ஈடானது. ஆகவே 35 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தொலைபேசியின் குரல், அலை வலிதாயிருப்பினும், தனக்குரிய துணுக்கைத் தவறவிட்டு அயலார் துணுக்கிலே விழும். பிற்காலத்து நான்காம் தலைமுறை முறை இவ்வெல்லையைப் பெரிதும் விரித்ததாயினும், பூமியின் வளைவை எந்தத் தலைமுறையாலும் நிமிர்த்த இயலாது.

இங்கே ஓர் உண்மையை மனத்திலே பதித்தல் வேண்டும். உலா உடன்படிக்கை புதிய அலை எதனையும் படைப்பதில்லை. ஒரு கம்பனியின் கோபுரம் கிழக்கே வலிது, மற்றொரு கம்பனியின் கோபுரம் மேற்கே வலிது எனக் கொள்வோம். இருவரும் உடன்பட்டால், இருவர் வாடிக்கையாளரும் இருபுறத்தும் பேசுவர். இருவரும் எட்டாத நடுக்கடலிலே உடன்படிக்கையால் யாதொரு பயனும் இல்லை. சிதறிக் கிடக்கும் நிழல்களைச் சேர்த்து ஒரு பந்தராக்குவதே உலாத் தொடர்பு செய்யும் வேலை.

பாடும் உரிமையும்

கம்பனிகள் ஏன் தத்தம் கோபுரத்தை எல்லார்க்கும் இயல்பாகவே திறந்துவிடவில்லை? நம் கரையோர வழக்கத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். கரைவலைத் தொழிலிலே பாடு என்று ஒன்று உண்டு. இந்த எல்லைக்குள் இன்னார்தாம் வலை வளைக்கலாம் என்னும் உரிமையே பாடு. வானொலி அலைவரிசையும் அத்தகையதே. இலங்கையிலே 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை நிறுவிய 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் அவ்வுரிமையை வரையறுப்பன. ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசையிலே, தன் பணத்தாற் கட்டிய கோபுரங்களை நிறுத்தித் தொழில் நடத்துகின்றது.

ஆயினும் பாட்டுக்குரியவர் இசைந்தால் அயலூரார் அங்கே தொழில் செய்யலாம். பருவகாலத்திலே பிறகரைக்குச் செல்லும் மீனவர், அவ்வூராரோடு பேசி, வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்து, பருவம் முடிந்ததும் திரும்புதல் பழைய வழக்கம். அவர்கள் அந்தக் கரைக்கு உரியவர் ஆவதில்லை. தம் ஊரை இழப்பதும் இல்லை. உலா உடன்படிக்கையும் இவ்வாடி போன்றதே. தொலைபேசி தன் தாய்க் கம்பனியின் உறவை விடாமலே அயற்கம்பனியின் கரையில் தங்குகின்றது.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது

கைத்தொலைபேசியின் தொடக்க காலத்திலே நாட்டுக்கு நாடு முறை வேறுபட்டது. ஒரு நாட்டில் வாங்கிய கருவி பிறிதொரு நாட்டிலே பெரும்பாலும் பயன்படாது. இதற்குப் புறனடையாக, 1981 ஆம் ஆண்டிலே வடஐரோப்பிய நாடுகள் தமக்குப் பொதுவான ஒரு முறையை வகுத்து, தம்முள் உலாத் தொடர்புக்கும் வழி செய்தன. அதன்பின் ஐரோப்பியர் கூடி வகுத்த ஜி.எஸ்.எம். முறை 1991 ஆம் ஆண்டு யூலை மாதம் 1 ஆம் திகதி பின்லாந்திலே முதன்முதல் இயங்கியது. அடுத்த ஆண்டாகிய 1992 இல், பின்லாந்துத் தொலைத்தொடர்புக் கம்பனியும் பிரித்தானிய வொடாபோன் கம்பனியும் அம்முறையிலான முதலாவது உலா உடன்படிக்கையைச் செய்துகொண்டன. அன்று இருவர் செய்த ஒப்பந்தம் இன்று 200 இற்கு மேற்பட்ட நாடுகளையும் ஆட்புலங்களையும் பிணைக்கும் வலையாகப் பரந்துள்ளது.

இலங்கையிலே கைத்தொலைபேசி 1989 ஆம் ஆண்டில் செல்டெல் கம்பனியால் அறிமுகமாயிற்று. 1995 இல் டயலொக் கம்பனி ஜி.எஸ்.எம். முறையைக் கொணர்ந்தது. ஆயின் அக்காலத்துக் குடாநாட்டிலே கைத்தொலைபேசி என்பது செவிவழிச் செய்தியாகவே இருந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், பல ஆண்டுகள் தொலைபேசியும் மின்சாரமும் இன்றி நாம் வாழ்ந்தோம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே கைத்தொலைபேசி இங்கு வேரூன்றியது. 2006 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே போர் மீண்டபோது அதுவும் துண்டிக்கப்பட்டது. ஒரு குரலைக் கேட்டற்காக ஏங்கியிருந்த அந்நாள்களை நினைப்பவர்க்கு, கோபுரத்தின் எல்லை என்பது வெறும் பொறியியற் கணக்கு அன்று.

பின்னர்க் கம்பனிகள் சில ஒன்றோடொன்று இணைந்தன. 2018 இல் ஹட்ச், எற்றிசலாற் ஆகிய இரண்டும் ஒன்றாயின. 2024 இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. இதனால் இன்று டயலொக், எஸ்.எல்.ரி.-மொபிடெல், ஹட்ச் என மூன்று கம்பனிகளே கைத்தொலைபேசிச் சேவை நடத்துகின்றன.

விருந்தினரை அடையாளம் காணல்

இனி, அயற்கம்பனியின் கோபுரம் வந்தவரை எங்ஙனம் அறிகின்றது என்பதை நோக்குவாம். தொலைபேசியினுள் இருக்கும் சிம் அட்டையிலே 15 இலக்கங்கள் வரை கொண்ட ஓர் எண் பொறிக்கப்பட்டுள்ளது. அது நாம் பிறர்க்குக் கொடுக்கும் தொலைபேசி இலக்கம் அன்று. கம்பனிகள் தமக்குள் வழங்கும் அடையாள எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்கு 413, கனடாவுக்கு 302, இந்தியாவுக்கு 404, 405 என்பன. அடுத்து வருவது கம்பனியின் எண்: இலங்கையில் 01 எனின் மொபிடெல், 02 எனின் டயலொக்.

ரொறன்ரோவிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்திலே தொலைபேசியை இயக்குகின்றார் எனக் கொள்வோம். தொலைபேசி முதலில் தன் தாய்க் கம்பனியின் அலையைத் தேடும். அது இங்கே இல்லை. பின்னர் கிடைக்கும் அலைகளுள் ஒன்றைப் பற்றித் தன் எண்ணைச் சொல்லும். இலங்கைக் கம்பனி 302 என்னும் தொடக்கத்தைக் கண்டு, அக்கனடியக் கம்பனியோடு தனக்கு உடன்படிக்கை உண்டா என நோக்கும். இல்லையாயின் மறுத்துவிடும், மறுத்த கம்பனியின் பெயரை அட்டை தன்னுள்ளே குறித்துக்கொண்டு அங்கே மீண்டும் செல்லாது. உடன்படிக்கை உண்டாயின் தாய்க் கம்பனிக்குச் செய்தி அனுப்பும்.

தாய்க் கம்பனியிடம் இருப்பது வீட்டுப் பதிவேடு. தன் வாடிக்கையாளர் அனைவரும் யாவர், எச்சேவைக்கு உரியர், இப்பொழுது எங்குள்ளார் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். அயற்கம்பனியிடம் இருப்பது விருந்தினர் பதிவேடு. வந்தவர் மெய்யாகவே அவர்தாமா என்று அறிதற்கு ஒரு சோதனை நடைபெறும். சிம் அட்டையினுள் ஓர் இரகசியத் திறவுகோல் உண்டு. அது தாய்க் கம்பனிக்கும் அட்டைக்கும் மாத்திரமே தெரியும். அதனை அயலாருக்குச் சொல்ல இயலாது. சொல்லாமல் எங்ஙனம் சோதிப்பது?

எமது பரீட்சை முறையே இதற்கு நல்ல உவமை. பரீட்சைத் திணைக்களம் வினாத்தாளையும், அதற்கு உரிய விடைத் திட்டத்தையும் தயாரிக்கின்றது. அயலூர் நிலையத்தில் இருக்கும் ஒருவர், பாடத்தையே அறியாதவராயினும், வினாவைக் கொடுத்து, வரும் விடையைத் திட்டத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வல்லர். அவ்வாறே தாய்க் கம்பனி ஒரு வினா எண்ணையும் அதற்குரிய விடை எண்ணையும் அயற்கம்பனிக்கு அனுப்புகின்றது. அயற்கம்பனி வினாவை மாத்திரம் தொலைபேசிக்குக் கொடுக்கும். அட்டை தன் இரகசியத் திறவுகோலைக் கொண்டு கணித்து விடை கூறும். இரண்டும் ஒத்தால் வாயில் திறக்கும். இரகசியம் மட்டும் ஒருபோதும் அட்டையை விட்டு வெளியேறுவதில்லை. இத்தனையும் சில நொடிகளுள் முடிந்து, நல்வரவு கூறும் குறுஞ்செய்தி ஒன்று வந்து சேரும்.

கடல்தாண்டிச் சென்று மீளும் அழைப்பு

அவ்வன்பரை யாழ்ப்பாணத்திலிருக்கும் நண்பர் ஒருவர் அவருடைய கனடிய இலக்கத்தில் அழைக்கின்றார் என்க. இருவரும் கஸ்தூரியார் வீதியின் இருபுறத்திலும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தாலும், அழைப்பு முதலிற் கனடாவுக்கே செல்லும். ஏனெனின், அவ்விலக்கத்துக்கு உரியவர் எங்குள்ளார் என்பதை அறிந்தது ஆங்குள்ள வீட்டுப் பதிவேடே. அப்பதிவேடு, இவர் இப்பொழுது இலங்கையில் உள்ளார் என்று கூற, அழைப்பு மீண்டும் கடல்தாண்டி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும். அழைத்த நண்பர் கனடாவுக்குப் பேசிய கட்டணத்தைச் செலுத்துவார். கேட்ட அன்பர் கனடாவிலிருந்து இங்கு வந்த பகுதிக்குச் செலுத்துவார். வீதியைக் கடக்கும் ஒரு வார்த்தைக்கு இருவர் பணமும் கரைதல் இதனாலேயே. இணையத் தரவும் பெரும்பாலும் இவ்வாறே தாய்நாட்டுக்குச் சென்று மீளும். வேகம் குறைதற்கும் அதுவே காரணம்.

கணக்குத் தீர்த்தல்

அயற்கம்பனி விருந்தினரிடம் நேரே பணம் கேட்பதில்லை. இன்னாருடைய தொலைபேசி இத்தனை நிமிடம் பேசியது, இத்தனை குறுஞ்செய்தி அனுப்பியது, இவ்வளவு தரவைப் பயன்படுத்தியது என்று ஓர் ஏட்டை உலகப் பொது அமைப்பில் எழுதித் தாய்க் கம்பனிக்கு அனுப்புகின்றது. முன்னரே பேசிக்கொண்ட மொத்த விலைப்படி கணக்கிட்டுத் தாய்க் கம்பனி செலுத்தும். பின்னர்த் தன் இலாபத்தையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் அறவிடும். நாணயங்கள் பலவாதலின், சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை என்னும் கணக்கலகிலே இத்தொகைகள் குறிக்கப்பட்டு வந்துள்ளன. இரு நாட்டார் ஒருவர்க்கொருவர் தரவேண்டியன பெரிதும் கழிபட்டு, எஞ்சிய வேறுபாடே பணமாகக் கைமாறும். ஓர் ஊரிற் பணத்தைக் கட்டி மற்றோர் ஊரிலே பெறும் உண்டியல் முறையை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வாடிக்கையாளர் செலுத்தும் தொகைக்கும் கம்பனிகள் தமக்குள் கொடுக்கும் தொகைக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தமையாற்றான் ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஆம் ஆண்டு முதல் இதிலே தலையிட்டது. 2017 ஆம் ஆண்டு யூன் மாதம் 15 ஆம் திகதி தொடக்கம், ஒன்றியத்தார் ஒன்றிய நாடுகளுள் எங்குச் சென்றாலும் உள்ளூர்க் கட்டணத்திலேயே பேசலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. 2022 இல் அவ்விதி மேலும் பத்தாண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது. உடன்படிக்கை கம்பனிகளின் விருப்பத்தால் மாத்திரமன்றி, அரசின் விதியாலும் மக்களுக்கு நயமாக அமையலாம் என்பதற்கு இது சான்று.

எல்லையறியாத அலை

தனுஷ்கோடிக் கரையிலே நிற்போர் தொலைபேசியில், இலங்கைக்கு நல்வரவு என்னும் செய்தி தோன்றுதல் பலரும் அறிந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. கடல்மேற் செல்லும் அலையைத் தடுக்க மரமும் இல்லை, மாடமும் இல்லை. 1974 ஆம் ஆண்டிலும் 1976 ஆம் ஆண்டிலும் இரு அரசுகளும் உடன்பட்டுக் கடலெல்லையை வரைந்தன. அவ்வெல்லை வானொலி அலைக்குத் தெரியாது. ஆதலின் பாக்கு நீரிணையிலே தொழில் செய்பவரின் தொலைபேசி, தாய்க் கம்பனியின் அலை மெலிந்தவிடத்து, எதிர்க்கரைக் கம்பனியைப் பற்றுதல் கூடும். உலாச் சேவை திறந்திருப்பின், கையிலிருக்கும் பணம் அறியாமலே கரையும்.

இதற்கு மாற்று எளிது. தொலைபேசியின் அமைப்புப் பகுதியிலே வலையமைப்பைத் தானாகத் தெரியும்படி விடாது, தம் கம்பனியைத் தாமே தெரிந்து நிறுத்தலாம். தரவு உலாவை மூடிவைக்கலாம். ஆயின் இன்னொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஆபத்து நேருமாயின் அவ்வமைப்பை மீண்டும் தானியங்கும்படி விடுதலே அறிவுடைமை. உயிரினும் கட்டணம் பெரிதன்று.

உள்நாட்டிலே உலா

இதுகாறும் கூறியன நாடுவிட்டு நாடு செல்லும் உலா. ஒரு நாட்டினுள்ளேயே கம்பனிகள் ஒன்றன் கோபுரத்தை ஒன்று பயன்படுத்தல் உள்நாட்டு உலா எனப்படும். பிரான்சு நாட்டிலே 2012 ஆம் ஆண்டு சனவரியில் பிரீ என்னும் புதிய கம்பனி சேவை தொடங்கியபோது, அதன் கோபுரங்கள் சிலவே. ஒறேஞ்ச் கம்பனியோடு செய்த உடன்படிக்கையாலே அது முதல்நாளே நாடெங்கும் சேவை தந்தது. இந்தியாவில், அரசின் நிதியால் ஒதுக்கூர்களிற் கட்டப்பட்ட நான்காம் தலைமுறைக் கோபுரங்களைப் பல கம்பனிகளின் வாடிக்கையாளரும் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது.

இலங்கையிலே வழமையான நாள்களில் ஒரு கம்பனியின் வாடிக்கையாளர் மற்றொரு கம்பனியின் அலையில் உலா வருதல் வழக்கில் இல்லை. ஆயின் கோபுரத்தைப் பகிரும் முயற்சி உண்டு. தொற்றுநோய்க் காலத்திலே மாணவர் மலையுச்சியிலும் மரக்கிளையிலும் ஏறிநின்று பாடங்கேட்ட காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அக்காலத்தில், ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கிய கமட்ட சன்னிவேதனய என்னும் திட்டம், ஒரே கோபுரத்திலே பல கம்பனிகள் தத்தம் கருவியை ஏற்றும் முறையைக் கைக்கொண்டது. இது உலா அன்று. ஒரே மரத்திலே பல பறவைகள் கூடு கட்டுதல் போல்வது. உலாவிலோ கூடும் ஒன்றே.

உள்நாட்டு உலாவுக்குக் கம்பனிகள் தயங்குதற்கு நியாயமும் உண்டு. பெரும் பொருள் செலவிட்டு ஒதுக்கூரிலே கோபுரம் எழுப்பிய கம்பனி, அதனால் வரும் பெயரையும் வாடிக்கையாளரையும் பிறரோடு பங்கிட நேர்ந்தால், அடுத்த கோபுரத்தைக் கட்ட ஏன் முன்வரும்? கட்டாதவர்க்கும் பயன் கிட்டுமாயின், கட்டுபவர் அருகுவர். ஆகவே உலாவை விதியாக்கும் அரசு, கட்டியவர்க்குத் தக்க விலையையும், கட்டாதவர்க்குக் கால எல்லையையும் வகுத்தல் வேண்டும்.

ஆபத்துக் காலத்து உடன்படிக்கை

இத்தயக்கங்கள் அனைத்தும் ஆபத்துக் காலத்திலே பொருளற்றுப் போகின்றன. 2023 ஆம் ஆண்டு யூன் மாதம் பிபர்ஜோய்ப் புயல் குசராத்தைத் தாக்கியபோது, பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே எக்கம்பனியின் வாடிக்கையாளரும் கிடைக்கும் எவ்வலையிலும் பேசலாம் என இந்திய அரசு வழிசெய்தது. உக்கிரேனிலே 2022 ஆம் ஆண்டு பெப்புருவரியில் போர் தொடங்கிய சில நாள்களுள், மார்ச்சு மாதத்திலே, மூன்று பெருங் கம்பனிகளும் தம்முள் உலாவைத் திறந்துவிட்டன. கோபுரம் இடிந்த ஊரில் வாழ்ந்தவர் அயற்கம்பனியின் கோபுரத்தால் உறவினரோடு பேசினர்.

ஆயினும் உடன்படிக்கை ஒன்றே போதாது என்பதற்கும் சான்றுகள் உள. 2022 ஆம் ஆண்டு யூலை மாதம் 8 ஆம் திகதி கனடாவிலே ரொஜர்ஸ் கம்பனியின் மையவலை செயலிழந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சேவை இழந்தனர். அவருட் பலர்க்கு அவசர உதவியை அழைத்தலும் கைகூடவில்லை. கோபுரங்களோ அலை வீசிக்கொண்டேயிருந்தன. தொலைபேசிகள் தம் கம்பனி உயிரோடிருப்பதாக மயங்கி, அயற்கம்பனியை நாடாது நின்றன. அதன்பின் அவ்வாண்டு செப்தெம்பரிலே கனடியக் கம்பனிகள் ஆபத்துக் காலத்தில் ஒன்றுக்கொன்று உதவும் உடன்பாட்டைச் செய்தன. உக்கிரேனிலே 2023 ஆம் ஆண்டு திசெம்பர் 12 ஆம் திகதி கீவ்ஸ்ரார் கம்பனியின் மையம் கணினித் தாக்குதலால் நிலைகுலைந்தபோது, உள்நாட்டு உலா இருந்தும் அதன் வாடிக்கையாளர்க்கு அது உதவவில்லை. விருந்தினர் இன்னார் எனச் சான்று கூறவேண்டிய வீட்டுப் பதிவேடு செயலற்றால், அயலார் எவ்வாறு வாயிலைத் திறப்பர்?

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டிட்வாப் புயல் இலங்கையை உலுக்கியபோது, பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. மின்சாரம் அற்றவிடத்துக் கோபுரம் மின்கலத்தாற் சில மணிநேரமே தாங்கும். எல்லாக் கோபுரங்களும் ஒருங்கே அணைந்த ஊரிலே உலாவுக்கும் இடமில்லை. ஒன்று மாத்திரம் எஞ்சிய ஊரிலோ, அவ்வொன்றே ஊர் முழுவதன் உயிர்நாடி. அது ஒரு கம்பனியின் வாடிக்கையாளர்க்கு மட்டும் உதவி, மற்றோர்க்கு ஊமையாய் நிற்றல் அறமாகாது. நெரிசலால் அதுவும் வீழாதிருக்க, அத்தகைய காலத்திலே பேச்சையும் குறுஞ்செய்தியையும் மாத்திரம் அனுமதித்துத் தரவைக் கட்டுப்படுத்தலாம்.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, கடற்றொழிலாளர்க்கு. அயற்கம்பனிகள் உடன்படும்வரை காத்திராமல், இரண்டு சிம் அட்டை ஏற்கும் தொலைபேசியில் இருவேறு கம்பனிகளின் அட்டையை இடுதல், நாமே செய்துகொள்ளும் சிறு உடன்படிக்கை ஆகும். எனினும் கைத்தொலைபேசி கடலுக்குரிய கருவி அன்று. கோபுரத்தின் துணையின்றிப் படகுக்குப் படகு பேசும் வி.எச்.எப். வானொலியும், உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்ட அதன் 16 ஆம் வரிசையும் ஒவ்வொரு படகிலும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பழைய மாணவர்க்கு. சில வாரம் தங்குவோர் இங்குள்ள கம்பனி ஒன்றின் அட்டையைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளுதல் நன்று. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்காக வெளிநாட்டு அட்டையையும் இயங்கவிடலாம். ஆயின் அதில் தரவு உலாவை மூடிவைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நம் அனைவர்க்கும். ஆபத்துக் காலத்து உள்நாட்டு உலா நாட்டின் நிலையான விதியாதல் வேண்டும் என்று ஆணைக்குழுவையும் கம்பனிகளையும் கேட்டல் நம் கடமை. அது புயல் வந்தபின் பேசி முடிக்கும் காரியம் அன்று. முன்னரே உடன்பட்டு, ஆண்டுதோறும் ஒருமுறையேனும் ஒத்திகை பார்த்துவைக்க வேண்டுவது. எம் பழைய மாணவருள் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் நிருவாகிகளும் பலர். உடன்படிக்கையின் நுட்பத்தை வகுக்க வல்லாரும், அதனை விதியாக்க வாதாட வல்லாரும் அவர்களுள் உளர். குருநகர்த் துறையிலே மாலையிற் புறப்பட்ட படகு விடிந்தும் திரும்பாதபோது, கரையில் நிற்கும் தாய் ஒருத்தி தன் மகன் எந்தக் கம்பனியின் அட்டையை வைத்திருந்தான் என்று கவலைப்படும் நிலை இருத்தலாகாது. அந்நிலையை மாற்றும் அறிவும் ஆற்றலும் கல்லூரி தந்த கல்வியால் நம்மிடம் உண்டு. அவற்றை அதற்குப் பயன்படுத்துவோமாக.